முரண்டு பிடிக்கும் விண்டோஸ் அப்டேட்

விண்டோஸ் அப்டேட் என்று ஒற்றைப் பெயரில் சொன்னாலும் அது ஒரே நிரலன்று. கணினியின் பின்னணியில் ஓசையின்றி இயங்கும் ஐந்தாறு சேவைகள் ஒன்றிடமிருந்து ஒன்று வேலையை வாங்கிச் செய்யும் தொடர் அது. மைக்ரோசாஃப்ட்டின் சர்வரிடம் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பது ஒரு சேவை. கோப்பை இறக்குவது இன்னொன்று. வந்த கோப்பு அசல்தானா என்று சரிபார்ப்பது மற்றொன்று. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைப்பது வேறொன்று. இவற்றில் எது நின்றாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: அப்டேட்டை நிறுவ முடியவில்லை, பிறகு முயலவும். அந்த வாசகத்தை ஒட்டிச் சிறிய எழுத்தில் ஒரு பிழை எண் நிற்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தது என்ற செய்தி அதில்தான் இருக்கிறது.

தொடரின் தலையில் இருப்பது விண்டோஸ் அப்டேட் சேவை. கட்டளை வரியில் அதற்கு ‘டபிள்யூயூஏயூசெர்வ்’ என்று பெயர். கணினியில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன வர வேண்டியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. இறக்கும் பொறுப்பு ‘பிட்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேவையுடையது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த இது, மற்ற வேலைகள் போக மிஞ்சும் இணைய வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோஸ் 10 வந்தபின் இதன் சுமையில் பெரும்பகுதியை ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற சேவை ஏற்றுக்கொண்டது. வந்திறங்கிய கோப்புகளின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது ‘கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ்’. கடைசியில் நிறுவுவது ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’. ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற பெயரில் இயங்குவதும் இதுவே. விண்டோஸின் கணக்கில் அதன் முக்கியக் கோப்புகளுக்கு உரிமையாளர் கணினியை விலைகொடுத்து வாங்கியவர் அல்லர், இந்த டிரஸ்டட்இன்ஸ்டாலர்தான். நிர்வாகி கணக்கில் நுழைந்தவர்கூட அவற்றில் ஒன்றை அழிக்கப் போனால் ‘அனுமதி இல்லை’ என்று தடுக்கப்படுவது இதனால்தான்.

மூன்று கோப்புறைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இருக்கின்றன. ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதில் இறக்கிய பொதிகளும், எது எப்போது வந்தது என்று குறித்துவைக்கும் ஒரு தரவுதளமும் இருக்கும். ‘சிஸ்டம்32’-க்குள் இருக்கும் ‘கேட்ரூட்2’ கையொப்பச் சரிபார்ப்புக்கான தரவுதளத்தை வைத்திருக்கிறது. மூன்றாவது ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’. 2007-இல் விஸ்டாவுடன் விண்டோஸின் உறுப்புக் கிடங்கு என்ற பொறுப்பு இதற்கு வந்தது. கணினியின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய கோப்புகள், அவற்றின் பல பதிப்புகளோடு, இங்கே அடுக்கப்பட்டிருக்கும்.

முதல் இரண்டும் கெட்டால் கவலையில்லை. பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டால் விண்டோஸ் தானாகவே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். மூன்றாவது அப்படியன்று. பார்ப்பதற்குப் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகக் காட்டும் இந்தக் கிடங்கைக் கையால் அழித்து இடம் மிச்சம் பிடிக்க முயன்று, கணினியையே கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அந்தப் பல ஜிபி என்பதே பாதி மாயம். ஒரே கோப்பை இரண்டு முகவரிகளிலிருந்து சுட்டும் வசதி விண்டோஸில் உண்டு. கிடங்கில் இருக்கும் பல கோப்புகள் சிஸ்டம்32-இல் இருப்பவையேதான். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் அவற்றை இரண்டு முறை எண்ணிக் காட்டுகிறது.

எதற்காக இத்தனை ஏற்பாடு என்பதற்கு விடை 2003-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 16 அன்று விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியே நுழையும் ‘பிளாஸ்டர்’ என்ற புழு பரவத் தொடங்கியது. திருத்தம் இருந்தும் அதை நிறுவாத கணினிகள் அறுபது விநாடி எச்சரிக்கையோடு அணைந்து அணைந்து எழுந்தன. புழுவை எழுதியவர் இன்னொரு குறும்பும் செய்திருந்தார். ஆகஸ்ட் 16 அன்று தொற்றுண்ட கணினிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து விண்டோஸ் அப்டேட் தளத்தின் ஒரு முகவரியையே முற்றுகையிடும்படி அதில் ஏற்பாடு இருந்தது. மருந்து கிடைக்கும் வாசலையே அடைக்கும் திட்டம். அந்த முகவரி, உண்மையான தளத்துக்குத் திருப்பிவிடும் ஒரு துணைப் பெயர் மட்டுமே என்பதால், மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுத் தப்பித்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கம் வந்தது. வெளியிடும் நேரமான, அமெரிக்க மேற்குக் கடற்கரையின் காலை பத்து மணி என்பது இந்தியாவில் கோடைக்காலக் கணக்குப்படி இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. எனவே இங்குள்ள பெரும்பாலான கணினிகளுக்கு அது புதன்கிழமைச் சரக்கு.

2008 நவம்பரில் வந்த ‘கான்ஃபிக்கர்’ என்ற புழு இன்னும் நுட்பமானது. நுழைந்த கணினியில் அது முதலில் செய்த வேலைகளில் ஒன்று, அப்டேட் சேவையையும் பிட்ஸையும் நிறுத்தி முடக்கிவைப்பது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவும் அது விடவில்லை. காரணம் தெரியாமல் அப்டேட் சேவை நின்றிருந்தால் முதலில் தீநிரல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வழக்கம் இத்தகைய அனுபவத்தில் வேர்கொண்டது. 2017 மே 12 அன்று உலகெங்கும் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் நிறுத்திய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் நுழைந்த ஓட்டைக்கும், அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே, திருத்தம் வந்திருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அப்டேட்டை வேண்டுமென்றே முடக்கிவைப்பவர்களை முழுக்கக் குறைசொல்ல முடியாது. வேலையின் நடுவே கணினி தானாக அணைந்து எழுவதும், செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இருந்த ஒரு நாள் டேட்டாவை ஒரே பொதி தின்றுவிடுவதும் பலரும் பட்டவை. 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தைச் சில நாட்களிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கோபத்தில் சேவையையே முடக்கியவர்கள், ஓராண்டு கழித்து அதை மறந்துவிட்டு, அப்டேட் ஏன் வரவில்லை என்று தேடுவதுதான் பழுதுகளில் பெரும் பங்கு.

பிழை எண்ணைப் படிக்கும் முறை

பிழை எண் பதினாறு அடிமான எண்ணாகத் தரப்படுகிறது. முன்னால் வரும் பூச்சியமும் எக்ஸும் அதைத் தெரிவிக்கும் அடையாளங்கள் மட்டுமே. அவற்றைத் தள்ளிவிட்டால் எட்டு இலக்கம் மிஞ்சும். முதல் இலக்கமான 8, செயல் தோற்றது என்கிறது. அடுத்த மூன்று இலக்கங்கள் தோல்வியைச் சொல்லும் பகுதி எது என்று காட்டுகின்றன. கடைசி நான்கும் என்ன தோல்வி என்று சொல்கின்றன.

8007 என்று தொடங்கினால் அது விண்டோஸின் பொதுப் பிழை. அப்டேட்டுக்கென்று தனியாக ஏதும் ஆகவில்லை. எந்த நிரலுக்கும் வரக்கூடிய தடை அதற்கும் வந்திருக்கிறது. 80070002 என்றால் தேடிய கோப்பு இல்லை. 80070005 என்றால் அனுமதி மறுப்பு. 80070070-இன் கடைசிப் பகுதியான 70-ஐப் பதின்ம எண்ணாக்கினால் 112 வரும். வட்டில் இடம் இல்லை என்பதற்கு விண்டோஸ் நெடுங்காலமாக வைத்திருக்கும் எண் அது. 80070422-இல் அதே பகுதி 1058. சேவை முடக்கப்பட்டிருப்பதால் தொடங்க முடியவில்லை என்று பொருள். 80072 என்று ஐந்து இலக்கம் ஒத்து, தொடர்ந்து ‘இ’ என்ற ஆங்கில எழுத்து வந்தால் பெரும்பாலும் இணையத் தொடர்புச் சிக்கல்: சர்வர் பதில் தரவில்லை, அல்லது முகவரி கிடைக்கவில்லை. 8024 என்று தொடங்குபவை அப்டேட் சேவையின் சொந்தப் பிழைகள். 800எஃப் என்று தொடங்குபவையும் 80073712 என்ற எண்ணும் கிடங்கைக் கைகாட்டுகின்றன.

இந்த அளவு தெரிந்தாலே பாதி வேலை மிச்சம். வட்டு நிறைந்ததால் நின்ற அப்டேட்டுக்கு, இணையத்தில் எங்கோ கிடைத்த முப்பது வரிக் கட்டளைத் தொகுப்பை ஓடவிடுவதில் பயனில்லை. அத்தகைய தொகுப்புகள் எல்லாச் சேவைகளின் அனுமதிகளையும் மாற்றி எழுதி, இருந்த பழுதோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துவிடுவது உண்டு.

எளியதிலிருந்து தொடங்குவது

முதலில் செய்ய வேண்டியது ரீஸ்டார்ட். இது கிண்டலாகச் சொல்லப்படுவது என்றாலும் இங்கே ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியை ‘ஷட் டவுன்’ செய்தால், இயங்குதளத்தின் உட்கரு முழுக்க அணைவதில்லை. அதன் நிலை வட்டில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. தினமும் ஒழுங்காக அணைத்துவைக்கும் கணினி இந்தக் கணக்கில் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில அப்டேட்டுகளின் கடைசிக்கட்டம் உட்கரு புதிதாக எழும்போது மட்டுமே முடியும். ‘ரீஸ்டார்ட்’ கட்டளையில் இந்தக் குறுக்குவழி இல்லை. எனவே அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல.

அடுத்து தேதி. பழைய டெஸ்க்டாப் கணினிகளின் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தவறான தேதியில் இருக்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்றாகத் தெரியும். உடனே தொடர்பைத் துண்டித்துவிடும். பேட்டரி எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும் பொருள். அதை மாற்றாமல் விண்டோஸையே மாற்றிய கதைகள் கணினிப் பழுதுக் கடைகளில் கேட்கக் கிடைப்பவை.

வட்டில் காலியிடம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். மாதாந்திர அப்டேட்டுக்குச் சில ஜிபி போதும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு இருபது ஜிபிக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்லது. இடம் தேடும்போது ‘டிஸ்க் கிளீனப்’ கருவியில் சிஸ்டம் கோப்புகளைத் தூய்மைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால், கிடங்கில் தேவையற்றுக் கிடக்கும் பழைய பதிப்புகளை விண்டோஸே பார்த்து நீக்கும். விபிஎன், பிராக்ஸி, வெளியார் ஆன்டிவைரஸ் ஆகியவற்றைச் சற்று நிறுத்திவைத்து முயல்வதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியதே. செட்டிங்ஸில் ‘டிரபிள்ஷூட்’ பகுதியில் அப்டேட்டுக்கென்று ஒரு தானியங்கிக் கருவி இருக்கிறது. அது சேவைகளை நிறுத்தித் தொடங்கும், சில அமைப்புகளைத் திருத்தும். பெரிய வித்தைக்காரர் இல்லைதான். ஆனால் கெடுதல் செய்யாது.

முடக்கப்பட்ட சேவை

80070422 வந்தால் ‘சர்வீசஸ்’ பட்டியலைத் திறக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட், பிட்ஸ், கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ், விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் ஆகிய நான்கில் எதற்காவது நேரே ‘டிஸேபிள்ட்’ என்று இருந்தால் சிக்கல் அதுதான். அப்டேட் சேவையும் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரும் ‘மேனுவல்’ நிலையில் இருப்பது இயல்பானது. தேவைப்படும்போது எழுந்து, வேலை முடிந்ததும் உறங்கிவிடுபவை அவை. எனவே ‘ஓடவில்லை’ என்று காட்டினால் பழுது என்று பொருளில்லை. கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ் மட்டும் ‘ஆட்டோமேட்டிக்’ நிலையில் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளில் ‘மெடிக் சர்வீஸ்’ என்று ஒன்று சேர்க்கப்பட்டது. யாராவது அப்டேட் சேவையை முடக்கினால் அதைக் கண்டு மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இதன் பணி. அப்டேட்டை வெறுப்பவர்களுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் நடக்கும் இழுபறியில் மைக்ரோசாஃப்ட் போட்ட புதிய பூட்டு எனலாம். அதை உடைக்கும் ‘அப்டேட் பிளாக்கர்’ நிரல்களும் உடனே வந்துவிட்டன. அத்தகைய நிரலால் முடக்கப்பட்ட சேவையைப் பட்டியலில் மாற்றினால், மாற்றம் நிற்காது. சற்று நேரத்தில் மீண்டும் முடங்கும். எந்த நிரலால் முடக்கப்பட்டதோ அதே நிரலைத் திறந்து தடையை விலக்குவதுதான் வழி. நிரலை முதலிலேயே நீக்கிவிட்டால் தடை மட்டும் தங்கிவிடும். பிறகு ரெஜிஸ்ட்ரியில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அப்டேட் வேண்டாம் என்ற எண்ணத்துக்கு விண்டோஸிலேயே நாகரிகமான வழிகள் இருக்கின்றன. ஐந்து வாரம் வரை ஒத்திவைக்கலாம். ஹாட்ஸ்பாட் இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிட்டால், பெரிய பொதிகள் அதில் தாமாக இறங்காது. வேலை நேரம் எது என்று சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் கணினி தானாக அணைந்து எழாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினிகளுக்கே உரிய பழுது ஒன்று உண்டு. வெளியில் அதிகம் பேசப்படாதது. அலுவலகங்கள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்ட்டிடம் நேராக அப்டேட் கேட்க விடுவதில்லை. ‘டபிள்யூசஸ்’ எனப்படும் தங்கள் சொந்தச் சர்வரிடம் கேட்கும்படி கொள்கை அமைத்துவிடும். ஏற்கும் முன் திருத்தங்களைச் சோதித்துப் பார்க்க அது வசதி. அந்தக் கணினி பழையதாகி, சரியாகத் துடைக்கப்படாமல் விற்பனைக்கு வந்தால், வாங்கியவர் வீட்டிலிருந்தும் அது பழைய அலுவலகத்தின் சர்வரையே தேடிக்கொண்டிருக்கும். எட்டாத இடத்தில் இருக்கும் சர்வர் பதில் சொல்வதில்லை. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தின் மேலே ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று இறங்கினால் ‘விண்டோஸ்அப்டேட்’ என்ற கிளை இருக்கும். அதை நகலெடுத்து வைத்துவிட்டு நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் கணினி மைக்ரோசாஃப்ட்டைத் தேடிப் போகும். இன்னும் அலுவலகத்துக்குச் சொந்தமான கணினியில் இதைச் செய்யக் கூடாது. அங்கே அந்தக் கொள்கை காரணத்தோடு வைக்கப்பட்டது. சொந்தக் கணினியில், விண்டோஸோடு வரும் வேண்டாதவற்றை நீக்கும் ‘டீபுளோட்டர்’ வகை நிரல்களை ஓட்டியவர்களுக்கும் இதே வரி தென்படுவதுண்டு. அவையும் இதே கிளையில்தான் கைவைக்கின்றன.

இறக்கிய பொதிகளைக் கழிப்பது

இறங்கிய அளவு ஒரே சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்பது, இறங்கிய பின்னும் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து இறங்குவது, 80070002 அல்லது 8024 வகை எண்கள் வருவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறை கெட்டிருப்பதே காரணம். இறக்கும்போது மின்சாரம் போனால் இது எளிதில் நடக்கும்.

கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘நெட் ஸ்டாப்’ கட்டளையால் டபிள்யூயூஏயூசெர்வ், பிட்ஸ், கிரிப்ட்எஸ்விசி (கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸின் கட்டளைப் பெயர்) என்ற மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். அதன்பின் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், கேட்ரூட்2 இரண்டுக்கும் பெயரின் பின்னால் ‘ஓல்ட்’ என்று சேர்த்துப் பெயர் மாற்ற வேண்டும். நிறுத்தாமல் மாற்றப் போனால் கோப்புறை பயன்பாட்டில் இருப்பதாகக் கூறி மறுக்கும். நிறுத்திய சேவை சில நிமிடங்களில் தானாக எழுந்துவிடுவதும் உண்டு. அப்போது மீண்டும் நிறுத்தி உடனே பெயரை மாற்றிவிட வேண்டும். பிறகு ‘நெட் ஸ்டார்ட்’ கட்டளையால் மூன்றையும் எழுப்பினால் இரண்டு கோப்புறைகளும் வெறுமையாகப் புதிதாகப் பிறக்கும். அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவது நல்லது. ஏதும் பிசகினால் பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம். எல்லாம் சரியானபின் நிதானமாக அழிக்கலாம்.

இதற்குப் பிறகு செட்டிங்ஸில் அப்டேட் வரலாறு காலியாகத் தெரியும். பலர் பதறுவது இங்கேதான். போனது பட்டியல் மட்டுமே. நிறுவப்பட்டவை எல்லாம் நிறுவப்பட்டபடியே இருக்கும். முதல் தேடல் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும், கணினியை முழுக்க முதலிலிருந்து கணக்கெடுக்க வேண்டியிருப்பதால்.

கிடங்கு கெட்டால்

பொதி முழுதாக இறங்கி, நிறுவும் கட்டத்தில் 80073712 அல்லது 800எஃப் வகை எண்ணோடு நின்றால் கிடங்கைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, ‘எஸ்எஃப்சி’ எனப்படும் சிஸ்டம் ஃபைல் செக்கர். ‘ஸ்கேன்நவ்’ என்ற சொல்லோடு அதை இயக்கினால் விண்டோஸின் பாதுகாக்கப்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கெட்டிருப்பதற்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்து வைக்கும். கிடங்கே கெட்டிருந்தால் அது என்ன செய்யும்? கிடங்கைச் செப்பனிடுவது இரண்டாவது கருவியான ‘டிஸ்ம்’. ‘ஆன்லைன்’, ‘கிளீனப்-இமேஜ்’, ‘ரீஸ்டோர்ஹெல்த்’ என்ற மூன்று சொற்களை, ஒவ்வொன்றின் முன்னும் சாய்கோடு இட்டு, அதனுடன் தர வேண்டும். விண்டோஸ் 8 முதல் இந்த வசதி இருக்கிறது. முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி என்பதே சரியான வரிசை. பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு, எஸ்எஃப்சியால் பயனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள்.

டிஸ்ம் நடுவில் ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நின்றதுபோலத் தோன்றும். சாளரத்தை மூடிவிடக் கூடாது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: கெட்ட கோப்புக்கு நல்ல பிரதியை டிஸ்ம் வழக்கமாக வாங்குவது விண்டோஸ் அப்டேட்டிடமிருந்துதான். பழுதாகி நிற்கும் சேவையைப் பழுதுபார்க்க அதே சேவையிடம் உதவி கேட்க வேண்டிய நிலை. ‘மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை’ என்று 800எஃப்081எஃப் என்ற எண் வருவது பெரும்பாலும் இந்த முட்டுச்சந்தில்தான். அப்போது கணினியில் இருக்கும் அதே பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி, அதிலுள்ள ‘இன்ஸ்டால்’ படக்கோப்பை ‘சோர்ஸ்’ என்ற சொல்லால் டிஸ்முக்குச் சுட்டிக்காட்டினால் அது வேறு யாரையும் எதிர்பார்க்காது.

எல்லாத் தோல்வியும் பயனரின் கணினியில் இருக்கும் குறை என்று சொல்லிவிட முடியாது. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 என்ற அப்டேட் எண்ணற்ற கணினிகளில் 80070643 என்ற எண்ணோடு தோற்றது. அந்த எண்ணுக்கு ‘நிறுவும்போது கடும் பிழை’ என்ற பொத்தாம்பொதுவான பொருள்தான். பயனர்கள் கோப்புறையைக் கழித்தார்கள், டிஸ்ம் ஓட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் வேறு இடத்தில் இருந்தது. வட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கப்பட்டிருக்கும் மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் அந்த அப்டேட்டுக்குத் தேவைப்பட்டது. விண்டோஸே முன்பு அமைத்துக் கொடுத்த பகுதிகள் பலவற்றில் அவ்வளவு இடம் இல்லை. வட்டின் பகுதிகளைக் கட்டளை வரியில் சுருக்கி விரிக்கும் வழிமுறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ஒரு எழுத்து பிசகினால் வட்டிலுள்ள எல்லாம் போய்விடக்கூடிய வேலையைச் சாதாரணப் பயனரிடம் ஒப்படைத்தது அந்நிறுவனத்துக்குப் பெருமை சேர்ப்பதன்று. இப்படிப்பட்ட வேளையில், அந்த மாதத்தில் பலருக்கும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு, சும்மா இருப்பதே சிறந்த பழுதுபார்ப்பு.

சும்மா இருப்பதில் நட்டமும் குறைவு. விண்டோஸ் 10 முதல் மாதாந்திர அப்டேட்டுகள் திரட்டு வகையைச் சேர்ந்தவை. இந்த மாதத்துப் பொதிக்குள் போன மாதங்களின் திருத்தங்களும் அடங்கும். ஒன்று தவறினாலும் அடுத்தது அதைச் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். காத்திருக்க மனமில்லாதவர்கள் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தில் கேபி எண்ணைத் தேடி, பொதியைத் தனியே இறக்கி, இருமுறை சொடுக்கி நிறுவலாம். இறக்கும் பகுதியில் மட்டும் பழுது இருந்தால் இந்தக் குறுக்குவழி தப்பாமல் உதவும். கிடங்கு கெட்டிருந்தால் இதுவும் அதே எண்ணோடு நிற்கும்.

மேலெழுதி நிறுவுவது

இத்தனைக்கும் அசையாத கணினிக்கு எஞ்சியிருப்பது விண்டோஸின் மேலேயே விண்டோஸை நிறுவுவது. தமிழ்நாட்டுப் பழுதுக் கடைகளில் உடனே கிடைக்கும் பதில் ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்பது. அதற்கு ஒருபடி முன்னால் இருக்கும் இந்த வழியை ஏனோ சொல்வதில்லை. ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை சொடுக்கினால் அது ஒரு டிரைவாகத் திறக்கும். அதிலுள்ள ‘செட்டப்’பை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இயக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் இடத்தில் சொந்தக் கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தெரிவு மங்கலாக இருந்தால், இறக்கிய ஐஎஸ்ஓவின் மொழியோ வகையோ கணினியிலுள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட்டுச் சரியானதை இறக்குவது நல்லது. நிறுவி முடிந்ததும் கிடங்கு, சேவைகள், அனுமதிகள் எல்லாம் புதியவை. படங்களும் ஆவணங்களும் போட்டுவைத்த நிரல்களும் இருந்தபடியே இருக்கும். ஆனாலும் தொடங்கும் முன் முக்கியக் கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும். விண்டோஸ் 11-இன் பிந்தைய பதிப்புகளில் இதே வேலையை ஐஎஸ்ஓ இல்லாமலே செய்யும் பொத்தான் ஒன்று, செட்டிங்ஸில் ‘ரெக்கவரி’ பக்கத்தில் இருக்கிறது.

அப்டேட்டின் நடுவே மின்சாரம் போய், கணினி எழுந்திருக்கவே மறுத்தால் கதை வேறு. இரண்டு மூன்று முறை எழ முயன்று தோற்றபின் விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழலுக்குள் நுழையும். அங்கே கடைசியாக வந்த மாதாந்திர அப்டேட்டை நீக்கும் தெரிவும், கடைசியாக வந்த பெரிய பதிப்பை நீக்கும் தெரிவும் தனித்தனியே இருக்கும். முதலாவதிலிருந்து தொடங்குவது வழக்கம். திரையில் ‘மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என்ற வாசகம் ஓடிக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரமானாலும், பொறுத்திருக்க வேண்டும். பழைய வன்தட்டு உள்ள கணினியில் அது சில மணி நேரம்கூட எடுக்கும்.

எந்த வழியில் சரியானாலும், சரியானதா என்பதை அப்டேட் பக்கத்தின் பச்சைக் குறியை வைத்து முடிவுகட்டக் கூடாது. தேடல் பெட்டியில் ‘வின்வெர்’ என்று தட்டினால் சிறிய சாளரம் ஒன்று திறந்து கணினியின் பதிப்பையும் கட்டமைப்பு எண்ணையும் காட்டும். அந்த எண்ணில் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதி ஒவ்வொரு மாதாந்திர அப்டேட்டுக்கும் கூடிக்கொண்டே போவது. எந்த மாதத்துக்கு எந்த எண் என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. இரண்டும் ஒத்தால் அப்டேட் உள்ளே போயிருக்கிறது. விண்டோஸ் 10 கணினிகளில் மட்டும் இந்த ஒப்பீட்டைச் சற்றுக் கவனமாகச் செய்ய வேண்டும்: அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினியில் எண் அதற்குப் பின் உயராமல் நின்றால், பழுது ஏதுமில்லை. வருவதற்கு அப்டேட் இல்லை.